அம்மா குடிக்காமல் விட்ட கஞ்சி

வன்னியில் காஸ்ரிக் இல்லாத ஒரு ஆளைக் காட்டுங்கள், அவருக்கு ஒரு பெட்டி இடியப்பம் சும்மா தருகிறேன். உருத்திரபுரத்தில் விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்துச் சந்திக் கடைகளுக்குக் கொடுப்பதுதான் என் தொழில். கடைக்காரர் எண்ணி எடுக்கும்வரை வாசலில் நிற்பேன். அந்த நேரத்தில் காதில் விழுகிற கதையில் பாதி வயிற்றைப் பற்றியது. ஒருவருக்கு நெஞ்செரிவு. ஒருவருக்குப் புளியேப்பம். ஒருவர் செத்தல் மிளகாய்ச் சம்பலைக் கண்டாலே தள்ளிப்போவார். ஏன் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் கிடந்த பட்டினி. அதற்கு மேல் ஆரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

என் தம்பிக்கு வயிறு குத்தத் தொடங்கியபோதும் அப்படித்தான். அவன் உழவு மெசின் ஓடுகிறவன். காலபோக உழவு தொடங்கிவிட்டால் அவனுடைய காலைச் சாப்பாடு மத்தியானம் ஆகும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொழுதுபட்டுவிடும். "நேரத்துக்குச் சாப்பிடாட்டி வயிறு வேற என்னடா செய்யும், பாட்டே பாடும்?" என்று ஏசுவேன். அவன் சிரித்துக்கொண்டு, கடையில் வாங்கிய வெள்ளைப் பாணி மருந்தைப் போத்தலோடு வாயில் கவிழ்ப்பான். பிறகு பிறகு இரண்டு வாய் சாப்பிட்டதுமே சோற்றுக் கோப்பையைத் தள்ளத் தொடங்கினான். "நிரம்பிட்டுதக்கா" என்பான். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டினான். நான் அதையும் பகிடி பண்ணினேன். முப்பத்துமூன்று வயது ஆம்பிளை, உழவு மெசினைத் தனியாகச் சேற்றுக்குள் இருந்து கிளப்புகிறவன், அவனுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அவன் மனைவிதான் விடாப்பிடியாக நின்று டொக்டரிடம் கூட்டிப்போக வைத்தாள். கிளிநொச்சியில் பின்னேரத்தில் வீட்டில் வைத்துப் பார்க்கிற ஒரு டொக்டர். இளம் பெடியன்தான், ஆறுதலாகக் கதைப்பார். நானும் கூடப் போயிருந்தேன். வயிற்றை அமத்திப் பார்த்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், பிறகு கேட்டார்.

"வீட்டில ஆருக்கும் வயித்துக்க பெரிய வருத்தம் ஏதும் இருந்ததோ? அம்மா, அப்பா?"

"அப்பா நாங்கள் சின்னனா இருக்கேக்க வயலுக்க பாம்பு கடிச்சுச் செத்தவர்," என்றான் தம்பி. "அம்மா கடைசிச் சண்டைக்க."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார்.

"எவடத்தில?"

"பொக்கணையில."

"நாங்களும் அங்கதான் இருந்தனாங்கள். அப்ப நான் சின்னப் பெடியன். எங்கட பங்கர் கடற்கரைப் பக்கம், ஒரு பனை வடலிக் கூடலுக்குக் கிட்ட."

அதோடு இரண்டு பேரும் வயிற்றை விட்டுவிட்டார்கள். எந்த வடலிக் கூடல், எந்தக் கிணறு, தண்ணீர் எப்படிக் கரித்தது என்று கதை போயிற்று. கடைசிச் சண்டைக்குள் என்றால் எப்படி என்று அவர் கேட்கவில்லை. இங்கே ஆரும் ஆரிடமும் அப்படிக் கேட்பதில்லை. கடைசிச் சண்டை என்று சொன்னால் அந்த ஆளின் கதை அங்கே முடிந்தது என்று அர்த்தம், அதற்கு மேல் துருவுவது மரியாதையில்லை. அவர் நல்ல மனத்தோடுதான் கேட்காமல் விட்டார். என் தம்பியும் ஊரில் எல்லாருக்கும் சொல்கிற பதிலைத்தான் அவருக்கும் சொன்னான். ஆரிலும் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் நினைக்க நினைக்க எரிகிறது. காஸ்ரிக் குளிசை எழுதித் தந்து, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார். அடுத்த உழவுக் காலம்வரை அந்தக் குளிசையோடு போயிற்று.

அம்மாவின் கதை எங்கள் ஊரில் தெரியாத ஆள் இல்லை. சண்டையின் கடைசி மாதங்களில் பொக்கணை மணலில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தோம். தம்பியைச் சண்டைக்கு ஆரும் பிடித்துக்கொண்டு போய்விடக்கூடாது என்று பங்கருக்குள்ளேயே வைத்திருந்தோம். தங்கச்சி சின்னப்பிள்ளை. நான்தான் வாளியோடு கஞ்சி வரிசையில் நிற்பேன். அரிசியைத் தேடித்தான் பார்க்கவேண்டும், அப்படிக் கஞ்சி. அதை நான்கு பேருக்கும் ஊற்றினால் அம்மா இரண்டு மிடறு குடித்துவிட்டுத் தன்னுடையதைத் தம்பிக்கு நீட்டுவார். "எனக்குப் பசிக்கேல்லையடா, நீ குடி." வளர்கிற பெடியன், வாங்கிக் குடித்துவிடுவான். ஒவ்வொரு நாளும் இப்படியே நடந்தது. அம்மா எலும்பும் தோலுமானார். அந்தக் கடற்கரையில் ஆர்தான் எலும்பும் தோலுமாக இல்லை? ஒரு காலையில் எழும்பவில்லை. மணலைத் தோண்டி, அவருடைய சேலையாலேயே சுற்றிப் புதைத்தோம். ஐயர் இல்லை, தேவாரம் இல்லை, அழுவதற்குக்கூட நிற்க நேரமில்லை.

இப்போது ஒவ்வொரு வைகாசியிலும், சண்டை முடிந்த மாதத்தில், சந்தியில் பெரிய பானை வைத்து அந்தக் கஞ்சியைக் காய்ச்சுகிறோம். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, போகிற வருகிற ஆட்களுக்குக் கொடுப்போம், சைக்கிளை நிறுத்திவிட்டுக் குடித்துப் போவார்கள். கிளறுகிற வேலை என் தம்பிக்கு. கிளறிக்கொண்டு அம்மாவின் கதையைச் சொல்வான், அதுவும் ஒவ்வொரு வருடமும் சொல்வான். "நான் குடிச்ச கஞ்சி என்ர அம்மான்ர பங்கு. அவா பசியில செத்தா, நான் உயிரோட நிக்கிறன்." கேட்கிற பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். தாய் என்றால் அப்படியல்லவா இருக்கவேண்டும் என்பார்கள். எனக்குத் தலை நிமிரும். எங்களிடம் வேறு என்ன இருந்தது? வீடு போனது, மாடு போனது, ஒரு படம்கூட மிஞ்சவில்லை. இந்தக் கதை ஒன்றுதான் அம்மாவின் பெயரில் எங்களிடம் இருந்தது.

அடுத்த உழவுக் காலத்தில் தம்பி வயலுக்குள்ளேயே மெசினை நிறுத்திவிட்டு வரம்பில் குந்தியிருந்து, தின்ற இரண்டு வாயையும் சத்தி எடுத்தான். பிறகுதான் யாழ்ப்பாணத்துக்கு ஓடினோம். தொண்டையால் கமரா விட்டுப் பார்த்தார்கள், சதை வெட்டிச் சோதித்தார்கள். கான்சர் என்றார்கள். புண்ணாகவோ கட்டியாகவோ வெளியே தெரிகிற வகை இல்லையாம். இரைப்பைச் சுவருக்குள்ளேயே ஒளிந்து பரவுகிற வகை, சுவர் முழுக்கத் தடித்து இறுகிப்போய்விட்டது, வயிற்றுக்குள் நீரும் வைத்துவிட்டது என்றார்கள். வெட்டி எடுக்கக் காலம் கடந்துவிட்டது. மருந்து ஏற்றலாம், அது கொஞ்சக் காலத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் என்றார்கள். தம்பியின் மனைவி அந்த வராந்தாவில் நிலத்தில் குந்திவிட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன், எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

அங்கே ஒரு பெண் டொக்டர் இருந்தார். என்னைவிட வயது குறைவு, சிரிக்கத் தெரியாத முகம், ஆனால் அவசரப்படாத ஆள். இவ்வளவு இளம் வயதில் இந்த வகை வந்திருக்கிறபடியால் குடும்பத்தைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று எங்கள் இருவரையும் கதிரையில் இருத்தினார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஆண்களுக்குப் பெட்டி, பெண்களுக்கு வட்டம், செத்தவருக்கு மேலே ஒரு கோடு. அம்மாவின் பக்கத்தில் இருந்து தொடங்கினார்.

"அம்மான்ர மூத்த அண்ணா?"

"செல் விழுந்து," என்றேன். "கலியாணம் கட்டாத வயசு."

"மற்றவர்?"

"இந்தியாவுக்கு வள்ளத்தில போகேக்க கடலுக்க."

"அவையின்ர தாய்?"

"அம்மா பிறந்து கொஞ்ச நாளில, பிள்ளைப்பேற்றோட."

கோடு, கோடு, கோடு. எனக்கு வேண்டாத இடத்தில் சிரிப்பு வந்தது. எங்கள் குடும்பத்தில் வருத்தம் வருகிற வயதுவரை ஆரையும் விட்டுவைக்கவில்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அம்மா?"

"கடைசிச் சண்டைக்க," என்றான் தம்பி.

இவரும் எங்கள் ஆள்தான். இவரும் பேசாமல் கோட்டைக் கீறிவிடுவார் என்று நினைத்தேன். பேனை அந்த வட்டத்துக்கு மேலேயே நின்றது.

"குறை நினைக்காதேங்கோ. காயப்பட்டோ, வேற ஏதாலயோ?"

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆள் அந்தக் கேள்வியைக் கேட்டார். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த மெலிந்த முகத்தில் ஒரு பெருமை வந்தது, சந்தியில் கஞ்சி கிளறும்போது வருகிற அதே பெருமை. கதையை முழுக்கச் சொன்னான். வாளி, வரிசை, இரண்டு மிடறு, பசிக்கேல்லையடா நீ குடி. டொக்டர் கடைசிவரை குறுக்கே கதைக்காமல் கேட்டார்.

"அதுக்கு முந்தியும் அப்பிடித்தானோ?" என்று பிறகு கேட்டார். "சாப்பாடு இருந்த காலத்திலயும்? கொஞ்சம் சாப்பிட்ட உடன போதும் எண்டு சொல்லுவாவோ?"

தம்பி என்னைப் பார்த்தான். அப்போது அவன் பெடியன், ஆர் எவ்வளவு சாப்பிட்டார் என்று கவனித்திருக்க மாட்டான். எனக்கு நினைவிருந்தது. உருத்திரபுரத்து வீட்டில், நாங்கள் இடம்பெயர்ந்து வெளிக்கிடுவதற்கு முந்திய மாதங்களில், பானை நிறையச் சோறு இருந்தபோதே அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டு எழும்பிப் போவார். குசினிக்குப் பின்னால் வாழையடியில் குனிந்து நிற்பார். கேட்டால் காஸ்ரிக் என்பார். பொக்கணையில் உடம்பெல்லாம் வற்றிக் கிடந்தபோது வயிறு மட்டும் வீங்கியிருந்தது. பட்டினி கிடந்தால் வயிறு ஊதும் என்று பக்கத்துத் தறப்பாளில் இருந்தவர்கள் சொன்னார்கள், சின்னப்பிள்ளைகளுக்கும் அப்படித்தான் ஊதியிருந்தது. சத்தி எடுத்தார். அந்த நாற்றத்துக்குள் ஆர்தான் சத்தி எடுக்கவில்லை?

"ஓம்," என்றேன். "முந்தியும் அப்பிடித்தான்."

டொக்டர் அம்மாவின் வட்டத்தைப் பேனையால் கறுப்பாக நிரப்பினார். தம்பியின் பெட்டியும் அப்படித்தான் கறுப்பாக இருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு வட்டங்கள் வெள்ளையாக இருந்தன, ஒன்று நான், ஒன்று தங்கச்சி.

திரும்பி வரும்போது ஆனையிறவைத் தாண்டினோம். பஸ்சின் யன்னலால் உப்புக்காற்று அடித்தது. தம்பி கேட்டான்.

"அப்ப அம்மா எனக்காக விடேல்லையேக்கா?"

"விசர்க்கதை கதையாத."

"அவாவால குடிக்கேலாமத்தான் எனக்குத் தந்தவா."

"உனக்காகத்தான் விட்டவா. வாயைப் பொத்திக்கொண்டு வா."

உண்மையில் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. இறங்காத கஞ்சியையும் மண்ணில் ஊற்றாமல் பிள்ளைக்குத்தான் கொடுத்தார், அதில் பாசம் இல்லையா? இருக்கும். ஆனால் பசியோடு இருந்து கொடுப்பதும் பசியில்லாமல் கொடுப்பதும் ஒன்றா? தாயின் பங்கைக் குடித்து உயிர் தப்பியதை அவன் ஒரு பாரமாகச் சுமக்கிறான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது பொய் என்று தெரிந்தால் அவனுக்குப் பாரம் குறையும் என்று ஒரு முட்டாள் நம்பிக்கை அந்த பஸ்சுக்குள் எனக்கு வந்தது. குறையவில்லை. அவன் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அம்மாவை இரண்டாம்முறை சாகக்கொடுத்த மாதிரி இருந்தது அவன் முகம்.

அவனுடைய இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்க்க அந்த டொக்டரே ஒழுங்கு செய்தார். குடும்பத்தில் வழிவழியாக வருகிற ஒரு பிழை இருக்கிறதா என்று பார்க்கத்தான். அவன் உயிரோடு இருக்கும்போதே எடுக்கவேண்டும், வருத்தம் வந்த ஆளின் இரத்தத்தில் பார்த்தால்தான் மற்றவர்களுக்கு ஏதாவது சொல்லலாம் என்றார். "உங்களுக்கு இனி இதால பெரிய பிரயோசனம் இல்லைத் தம்பி" என்று மூடி மறைக்காமல் அவனிடமே சொன்னார். "அக்காவுக்கும் தங்கச்சிக்கும்தான்." தம்பி கையை நீட்டினான். தங்கச்சிக்கு இருபத்தேழு வயது, நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை. பக்கத்துக் காணியில்தான் இருக்கிறாள். அவள் தப்பவேண்டும், அதற்குப் பிறகு அவனுக்கு அது ஒன்றுதான் கதை. மருந்து ஏற்றிவிட்டு வந்து கட்டிலில் கிடக்கும்போதும் கேட்பான், "மறுமொழி வந்திட்டுதோ?"

மறுமொழிக்கு நெடுநாள் எடுத்தது. ஒருநாள் டொக்டர் என்னையும் தங்கச்சியையும் கூப்பிட்டார். தம்பிக்கு அப்போது பயணம் செய்ய ஏலாது. இரண்டு விதமான பதில்தான் வரும் என்று நான் நினைத்துக்கொண்டு போனேன், பிழை இருக்கு, அல்லது பிழை இல்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று எனக்கு ஆரும் சொல்லவில்லை.

இரைப்பைக் கான்சரோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் தம்பிக்கு ஒரு மாற்றம் இருக்கிறது என்றார். ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் கெட்டதா, சும்மா கிடக்கிற ஒன்றா என்று சொல்ல ஏலாது என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு சனத்துக்கும் இந்த எழுத்து மாற்றங்கள் வேறு வேறாக இருக்கும். யப்பானிலும் கொரியாவிலும் இந்தக் கான்சர் கூட. எங்கள் பக்கத்தில் வயிற்றுக்குள் புண்ணையும் கான்சரையும் கொண்டுவருகிற ஒரு கிருமி இருக்கிற ஆட்கள் நிறைய, ஆனால் அந்த அளவுக்குக் கான்சர் இல்லை, ஏன் என்று இன்னும் முழுக்க விளங்கவில்லை. சின்னச் சின்ன மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஆளைக் கொஞ்சம் வருத்தத்தின் பக்கம் தள்ளும், சாப்பாடும் உப்பும் கிருமியும் கூடச் சேரும். ஒரு நாட்டில் தள்ளுகிற மாற்றம் இன்னொரு நாட்டில் தள்ளுவதாகத் தெரியாது. இவையெல்லாம் இல்லாமல், தனியாகவே ஒரு குடும்பத்தை இழுத்து விழுத்துகிற பெரிய மாற்றங்களும் உண்டு. தம்பியினுடையது அந்த இனமோ என்று பார்க்க, உலகம் முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிற மரபணுக் கணக்கோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

"அதில கூடுதலா வெள்ளைக்காரர்தான்," என்றார். "பிறகு சீனா, யப்பான் பக்கத்து ஆக்கள். எங்கட ஆக்கள் குறைவு. உங்கட தம்பீன்ர மாற்றம் அதில ஒருத்தரிட்டயும் இல்லை. அது அரிதான படியால் இல்லையோ, எங்களை ஆரும் பார்க்காத படியால் இல்லையோ, தெரியாது."

"அப்ப எப்பதான் தெரியும்?"

"உங்கட குடும்பத்தில வருத்தம் வந்த வேற ஆக்களின்ர ரத்தத்திலயும் இது இருந்தா, கொஞ்சம் நம்பிச் சொல்லலாம்."

"வேற ஆக்கள்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "பொக்கணை மணலைக் கிண்டச் சொல்லுறீங்களோ?"

அவர் குனிந்துகொண்டார். பாவம், அவர்மேல் பாய்ந்து என்ன பயன்? ஆனால் ஆர்மேல்தான் பாய்வது? செத்தவர்களை எண்ணுங்கள், காணாமல் போனவர்களை எண்ணுங்கள் என்று இவ்வளவு காலமாகக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிப்போயிற்று. கடைசியில் பார்த்தால், எங்கோ ஒரு நாட்டில் ஆரோ இருந்து இரத்தத்தை எண்ணியிருக்கிறார்கள், அதிலும் நாங்கள் இல்லை.

தங்கச்சி கதிரையை முன்னுக்கு இழுத்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கும் அது இருக்கோ எண்டு பாக்கலாமோ, டொக்டர்?"

"பாக்கலாம். இருந்தாலும் ஒண்டும் சொல்லேலாது. இல்லாட்டியும் பயமில்லை எண்டு சொல்லேலாது. கெட்டது எண்டு தெரிஞ்சா, வருத்தம் வாறதுக்கு முன்னமே இரைப்பையை எடுத்துவிடச் சொல்லுவம். தெரியாத ஒண்டுக்காக ஒரு நல்ல இரைப்பையை எடுக்கச் சொல்ல மாட்டம்."

"கமரா?"

"வருசத்துக்கு ஒருக்கா விட்டுப் பாப்பம். ஆனா இந்த வகை சுவருக்க ஒளிஞ்சிருக்கும். தெரியாமலும் போகலாம். இடையில சாப்பிடேலாமப் போனாலோ, கெதியா நிரம்பினாலோ, உடன வரவேணும்."

அவ்வளவுதான். வெட்டவும் ஏலாது, விடவும் ஏலாது. வாசலுக்கு வந்ததும் தங்கச்சி என் கையைப் பிடித்தாள். "அண்ணாவுக்கு நல்ல மறுமொழி எண்டு சொல்லுவம்" என்றாள். வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னோம். பிழை ஒன்றும் இல்லையாம், தங்கச்சிக்குப் பயம் இல்லையாம் என்றேன். தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பினானோ தெரியாது. "அப்ப சரி" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

மாசி முடிவதற்குள் செத்துப்போனான். கடைசியில் தேயிலைக் கரண்டியால் ஊற்றுகிற தண்ணீரும் திரும்பி வந்தது. தன் பங்குக் கஞ்சியை ஆருக்கும் கொடுக்கவேண்டிய தேவையில்லாத வீடு, அறை நிறைய நெல் மூட்டை, அதற்கு நடுவில் பட்டினி கிடந்து செத்தான்.

எங்களில் எட்டாம் நாள் செத்த ஆள் விரும்பித் தின்றதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். அதை எட்டுச் செலவு என்போம். நாயாற்று இறால் என்றால் தம்பிக்கு உயிர். ஒரு சொந்தக்காரர் விடியவே போய் வாங்கி வந்தார். இறால் குழம்பு, குரக்கன் பிட்டு, மரவள்ளிக் கிழங்கு, அவன் குடிக்கிற சோடா. வாழையிலையில் எல்லாவற்றையும் பரப்பினார்கள். "வயிறு நிறையச் சாப்பிட்டுப் போகட்டும்" என்று ஒரு கிழவி சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை. உயிரோடு இருந்தபோது இறங்காதது இப்போது இறங்குமா என்று எல்லாருக்கும் முன்னால் கத்திவிட்டேன். என்னைப் பிடித்து அறைக்குள் விட்டார்கள். துக்கத்தில் கதைக்கிறாள் என்றார்கள். துக்கமில்லை, கோபம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத சனம்.

பிறகு வைகாசி வந்தது. சந்தியில் பானை வைத்தார்கள். கிளறுவதற்குத் தம்பி இல்லை, கடைக்காரர் கிளறினார். நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். தங்கச்சி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "ஒருதரும் போகாட்டி அம்மாவுக்கு ஆரக்கா இருக்கினம்?" என்று கேட்டாள். கூடப் போனேன்.

வெயில் ஏறிவிட்டது. ஆளுக்கொரு சிரட்டையில் கஞ்சி கிடைத்தது. தங்கச்சி ஊதி ஊதி ஒரு மிடறு குடித்தாள், இன்னொரு மிடறு குடித்தாள். மகள் தன்னுடையதை முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். தங்கச்சி தன் சிரட்டையை மகளின் சிரட்டைக்குள் சாய்த்தாள்.

"எனக்குப் போதும், நீங்கள் குடியுங்கோ, செல்லம்."

பக்கத்தில் நின்ற பெண் ஒருவர், எங்கள் கதையை வருடா வருடம் கேட்டு அழுகிறவர், என் தோளைத் தொட்டார். அவருடைய கண் நிறைந்திருந்தது. "பாத்தியளே பிள்ளை," என்றார். "அப்பிடியே தாயை உரிச்சு வைச்சிருக்கிறா."

எப்படிப் போனேன் என்று தெரியாது, தங்கச்சியின் கையில் இருந்த சிரட்டையைப் பிடுங்கியிருந்தேன். "ஏன் போதும்? எப்ப இருந்து போதும்? காலமை என்ன சாப்பிட்டனி? நிரம்பின மாதிரி இருக்கோ? சொல்லடி!" சனம் திரும்பிப் பார்த்தது. பிள்ளை பயந்து தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"என்ர பிள்ளைக்கு ஒரு வாய் குடுக்கவும் விடமாட்டியேக்கா?"

பானையடிக்குப் போய்ச் சிரட்டையை நிரப்பிக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தேன். அவள் அழுதுகொண்டே குடித்தாள். கடைசி மிடறு இறங்கும்வரை நான் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.